கணினிக்குள் நடக்கும் மோதல் யாருக்காகக் கணக்கிடப்படுகிறது?

சிங்கப்பூரில் புதிய கார் வாங்கப் போகிறவரிடம் விற்பனைக்கூடத்தில் ஐந்து நட்சத்திரப் பாதுகாப்புத் தரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நட்சத்திரங்களுக்காக உண்மையிலேயே மோதி நொறுக்கப்படும் கார்கள் மிகச் சில. அதே கார், தகடாக வெட்டப்படுவதற்கும் முன்பே, கணினிக்குள் ஆயிரக்கணக்கான முறை மோதி முடித்திருக்கும். முன்பக்க நீள்சட்டத்தின் (நீளவாக்கில் செல்லும் எஃகுச் சட்டகத்தின்) தகடு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், கதவுத் தூணுக்கு எந்த எஃகு வேண்டும், எந்த இடத்தில் சட்டம் முதலில் மடங்க வேண்டும் என்பன போன்ற முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. அந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை பொறியியல் கேள்விகள். அது யாரை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது என்ற கேள்வியோ, லாரியின் பின்தளத்தில் ஊழியர்கள் வேலைக்குச் செல்வதை நாள்தோறும் பார்க்கும் நம் ஊரில், பொறியியலோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 145 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். அசையாத சுவரில் மோதினால், பத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் அந்த ஆற்றல் முழுவதும் எதிலாவது செலவாகியே தீர வேண்டும். காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கிய பிறகு வண்டி நிற்கிறது என்றால், உள்ளே இருப்பவர் தாங்க வேண்டிய சராசரி வேகக் குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 16 மடங்காக இருக்கும். 30 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கினால் அது இரு மடங்காகிவிடும். ஆகவே முன்பகுதி நன்றாக நசுங்க வேண்டும், பயணிகள் அறையோ கொஞ்சமும் நசுங்கக் கூடாது. வண்டி உறுதியாக இருந்தால் போதும் என்ற பழைய எண்ணத்தை மாற்றி, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் மெர்சிடிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பேலா பாரெனி. அவருடைய காப்புரிமை 1952இல் வழங்கப்பட்டது; 1959இல் வெளிவந்த மெர்சிடிஸ் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது.

கருத்து எளிமையானது, அதைத் தகட்டில் கொண்டுவருவது எளிதன்று. மெல்லிய சுவர்களையுடைய ஒரு பெட்டிக் குழாயை அதன் நீளவாக்கில் அழுத்தும்போது, அது சீராக மடிப்பு மடிப்பாகக் குறுகினால் ஒவ்வொரு மடிப்பும் ஆற்றலை உறிஞ்சும். அதே குழாய் நடுவில் ஒரே இடத்தில் முறிந்து வளைந்துவிட்டால், உறிஞ்சப்படும் ஆற்றல் அதில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடும். இரண்டில் எது நடக்கும் என்பதைச் சுவரின் தடிமன், மூலைகளின் எண்ணிக்கை, பற்றவைப்புப் புள்ளிகளின் இடைவெளி, மோதல் எத்தனை டிகிரி சாய்வாக வருகிறது என்பவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. தனிக் குழாய் ஒன்றுக்குக் காகிதத்தில் சமன்பாடு எழுதலாம். 1960களிலிருந்து அப்படிப்பட்ட சமன்பாடுகள் இருக்கின்றன. எஞ்சின், சக்கரம், தொங்கமைப்பு, கதவு எல்லாம் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் முழுக் காருக்கு அவை போதவில்லை. அதனால் கார் நிறுவனங்கள் நீண்ட காலம் கார்களைச் செய்து, மோதி, பார்த்து, மீண்டும் செய்துகொண்டிருந்தன.

மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் 1976இல் டைனா3டி என்ற கணினி நிரலை எழுதினார். தாழப் பறக்கும் விமானத்திலிருந்து விடப்படும் குண்டு தரையில் மோதும்போது அதன் உடற்கூடு என்ன ஆகும் என்று கணக்கிடுவதே அதன் நோக்கமாக இருந்தது. அந்த நிரலின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் கார் மோதலுக்குப் பயன்படும் எல்எஸ்-டைனா அதன் நேர் வாரிசு. பாம்-கிராஷ் என்ற மற்றொரு மென்பொருளும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. 1980களின் நடுவில் ஜெர்மன் கார் நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் பாம்-கிராஷைக் கொண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் முன்புற மோதல் கணக்கிடப்பட்டது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், கான்கிரீட் சுவர், மோதலின் முதல் 60 மில்லிவினாடிகள். கணக்கிட்டது அந்நாளின் கிரே அதிவேகக் கணினி. மாலையில் தொடங்கிய ஒரு முழுக் காரின் மோதல் மறுநாள் காலைக்குள் கணக்கிடப்பட்டுவிடும் என்று தெரிந்ததுமே வடிவமைப்பின் போக்கு மாறிவிட்டது.

கணக்கின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் வலிமையும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. ஃபைனைட் எலிமென்ட் முறையில் காரின் ஒவ்வொரு தகடும் சில மில்லிமீட்டர் அளவுள்ள நாற்கர, முக்கோணத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இந்தத் துண்டுகளைக் கூறுகள் என்றும் அவற்றின் மூலைகளைக் கணுக்கள் என்றும் வைத்துக்கொள்வோம். காரின் நிறை முழுவதும் கணுக்களில் பகிர்ந்து வைக்கப்படுகிறது. ஒவ்வொரு கணுவின் மீதும் அந்தக் கணத்தில் செயல்படும் விசை எவ்வளவு என்று பார்த்து, நியூட்டனின் இரண்டாம் விதிப்படி முடுக்கத்தைக் கண்டு, அதிலிருந்து புதிய வேகத்தையும் இடத்தையும் கணித்து, கூறுகள் எவ்வளவு நீண்டன, வளைந்தன என்று அறிந்து, அதற்குரிய தகைவை, அதாவது உலோகத்துக்குள் ஓரலகுப் பரப்பில் எழும் விசையை, கண்டு, அதிலிருந்து மீண்டும் விசைக்கு வருவதுதான் ஒரு சுற்று. பெரிய சமன்பாட்டுத் தொகுதி எதையும் ஒருசேரத் தீர்க்க வேண்டியதில்லை என்பதால் ஒவ்வொரு சுற்றும் மலிவானது. அதற்குரிய விலையைச் சுற்றுகளின் எண்ணிக்கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. எஃகுக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. ஒரு காலப்படிக்குள், அதாவது ஒரு சுற்று முன்னேறும் நேரத்துக்குள், அந்த ஒலியலை ஒரு கூறைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. தாண்டினால் கணக்கு கட்டுக்கடங்காமல் வெடித்துச் சிதறிவிடும். 5 மில்லிமீட்டர் கூறு என்றால் காலப்படி ஒரு மைக்ரோவினாடிதான். 120 மில்லிவினாடி மோதலுக்கு 1,20,000 சுற்றுகள் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பல மில்லியன் கூறுகள்.

இதில் ஒரு கசப்பான விதி உண்டு: காரில் உள்ள மிகச் சிறிய ஒரே ஒரு கூறுதான் முழுக் காருக்கும் காலப்படியைத் தீர்மானிக்கிறது. எங்கோ ஓர் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் கூறு ஒன்று தவறுதலாக நுழைந்துவிட்டால் கணக்கு இரண்டரை மடங்கு நீளும். இதைத் தவிர்ப்பதற்கு அத்தகைய சிறு கூறுகளின் எடையைச் செயற்கையாகச் சற்றுக் கூட்டி ஒலியின் வேகத்தைக் குறைப்பது வழக்கம். சிறிய அளவில் அது நியாயமான சமரசம். அளவு மீறினால் வேறொரு காரை மோதவிட்டதாகவே ஆகிவிடும்.

இன்னொரு சமரசம் கூறுகளுக்குள்ளேயே இருக்கிறது. டெட் பெலிட்ச்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் உருவாக்கிய, மெல்லிய தகட்டுக்கான மெல்லோட்டுக் கூறு, தன் பரப்பின் நடுவில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தகைவைக் கணக்கிடும். வேகத்துக்கு அதுவே காரணம். நடுப்புள்ளியை மட்டும் பார்ப்பதால், நடுவில் எந்த மாற்றமும் இன்றி மூலைகள் மட்டும் மாறி மாறி அசையும் சில உருமாற்றங்கள் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். அவற்றை அடக்குவதற்குச் செயற்கையான எதிர்விசை ஒன்று சேர்க்கப்படுகிறது, அந்த விசை விழுங்கும் ஆற்றலும் கணக்கில் பதிவாகிறது. அந்தச் செயற்கை ஆற்றல், உலோகம் உறிஞ்சிய ஆற்றலில் சில சதவீதத்தைத் தாண்டினால் அனுபவமுள்ள பொறியாளர் அந்த முடிவை ஏற்கமாட்டார். சிமுலேஷன், அதாவது இந்தக் கணினிக் கணிப்பு, தரும் வண்ணப் படங்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அவற்றை நம்புவதற்கு முன் ஆற்றல் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே இத்துறையில் நான் மதிக்கும் முதல் ஒழுக்கம்.

எஃகின் நடத்தையும் ஒரே மாதிரியானதன்று. மெதுவாக இழுத்தால் ஓர் அளவில் நெகிழத் தொடங்கும் மென் எஃகு, மோதலின் வேகத்தில் இழுக்கப்படும்போது கணிசமாகக் கூடுதல் வலிமை காட்டும். அலுமினியத்தில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. கதவுத் தூண்களில் பயன்படும், சூடாக அழுத்தி உடனே குளிரவைக்கப்படும் போரான் எஃகு சுமார் 1,500 மெகாபாஸ்கல் வலிமை கொண்டது. ஆனால் அது அதிகம் நீளாமலேயே விரிசல் விட்டுவிடக்கூடும். தகட்டை அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கும்போதே சில இடங்கள் மெலிந்தும் இறுகியும் போகின்றன. காரின் நல்ல கணினி மாதிரி அந்த வரலாற்றையும் மோதல் கணக்குக்குள் கொண்டுவரும். மடிதலைக் கணிப்பதில் இம்முறை இன்று மிகவும் தேர்ந்துவிட்டது. கிழிதலைக் கணிப்பதில் இன்னும் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஓர் உடற்கூட்டில் உள்ள பல ஆயிரம் புள்ளிப் பற்றவைப்புகளில் எது எப்போது பிய்ந்துவரும் என்பதை உறுதியாகச் சொல்வது கடினம். ஒன்று பிய்ந்தால் பக்கத்துப் புள்ளியின் சுமை ஏறுவதால், சிறு பிழை சங்கிலியாகப் பெருகவும் கூடும்.

சட்டம் இடப்புறம் மடங்குமா வலப்புறம் மடங்குமா என்பது மயிரிழையில் தீர்மானமாகும் தருணங்களும் மோதலில் உண்டு. அதே கணினி மாதிரியை வேறு எண்ணிக்கையிலான செயலிகளில் ஓட்டினால், எண்களைக் கூட்டும் வரிசை மாறி, கடைசித் தசம இடத்தில் வரும் வேறுபாடே அத்தகைய தருணத்தில் வளர்ந்து வேறு முடிவைக் கொடுத்துவிடலாம். இதைக் கணினியின் குறை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. தொழிற்சாலையிலிருந்து வரும் இரண்டு கார்களும் தகட்டின் தடிமனில் ஒன்றுபோல் இருப்பதில்லை. மயிரிழையில் முடிவு மாறும் வடிவமைப்பு சாலையிலும் நம்பத்தகாதது. அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததற்காக மாதிரிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இக்கணிப்புகள், கேட்கப்பட்ட கேள்விக்கு, வியக்கத்தக்க அளவு சரியான பதிலைத் தருகின்றன. சிக்கல் கேள்வியில்தான் வருகிறது. 2012இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம், காரின் அகலத்தில் கால் பங்கு மட்டுமே தடையில் படும்படி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் புதிய சோதனையைத் தொடங்கியது. அதுவரையிலான சோதனைகள் அகலத்தில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மோதுபவை. நீள்சட்டங்கள் அதற்காகவே செதுக்கப்பட்டிருந்தன. கால் பங்கு மோதலில் தடை அந்தச் சட்டத்தைத் தொடாமலேயே நழுவி, சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டுநரின் கால்களிருக்கும் இடத்துக்குள் புகுந்தது. முதலில் சோதிக்கப்பட்ட 11 சொகுசு கார்களில் இரண்டு மட்டுமே நல்ல தரம் பெற்றன. அவற்றை வடிவமைத்தவர்களிடம் சிறந்த கணினிகள் இருந்தன. அந்தக் கணினிகளிடம் இந்தக் கேள்வியைத் தரநிர்ணயம் எதுவும் கேட்கச் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது இன்னும் ஆழமாகக் கவனிக்கத்தக்கது. நிறுவனங்கள் வேகமாகத் திருத்திக்கொண்டன. ஆனால் சோதனை ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் நடந்ததால், சில கார்களில் அந்தப் பக்கமே வலுப்படுத்தப்பட்டது. ஓட்டுநர் பக்கத்தில் நல்ல தரம் பெற்ற ஏழு சிறு எஸ்யூவி வண்டிகளை அதே கழகம் 2016இல் மறுபக்கத்தில் மோதவிட்டபோது ஒன்றுதான் தேறியது. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார், சிங்கப்பூரிலோ வலப்பக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால், வேறொரு நாட்டின் சோதனைக்காகத் தீட்டப்பட்ட கட்டமைப்பு நமக்கு எந்தப் பக்கம் உதவும் என்பது சாதாரணக் கேள்வி அல்ல என்று விளங்கும்.

இருக்கையில் வைக்கப்படும் மனிதனுக்கும் இது பொருந்தும். நீண்ட காலமாக முன்புற மோதல்களில் பயன்பட்டுவரும் ஹைபிரிட் 3 சோதனைப் பொம்மை, சுமார் 78 கிலோ எடையுள்ள சராசரி அமெரிக்க ஆணின் அளவு. சிறிய பெண்ணின் அளவிலும் ஒரு பொம்மை உண்டு, ஆனால் அது பெருமளவுக்கு ஆண் பொம்மையைச் சிறிதாக்கியதே. டொயோட்டா 2000இல் முதன்முதலாக வெளியிட்ட தும்ஸ் என்ற கணினி மனித மாதிரி இதைத் தாண்டியது: எலும்பு, தசைநார், பிந்தைய பதிப்புகளில் உள்ளுறுப்புகள் என உடலே கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், விலா எலும்பு எங்கே முறியும், மூளை எவ்வளவு குலுங்கும் என்பவற்றைக் கணக்கிட முடிகிறது. 2021 முதல் அதை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஐரோப்பியச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் கணினிவழிச் சோதனைகளையும் தன் மதிப்பீட்டுக்குள் சேர்க்கத் தொடங்கியிருப்பதால், இத்தகைய மாதிரிகளின் எடை இனி கூடும்.

சிங்கப்பூர் இந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது? 1941இல் புக்கிட் தீமாவில் தொடங்கிய ஃபோர்டு ஆலை 1980இல் மூடப்பட்ட பிறகு, பல பத்தாண்டுகளுக்கு இங்கே கார் உற்பத்தி இல்லை. 2023இல் ஜூரோங்கில் ஹியூண்டாய் தன் புத்தாக்க நிலையத்தைத் திறந்து மின்கார்களைச் செய்கிறது. கணிப்புத் திறனுக்கும் நம்மிடம் குறைவில்லை: தேசிய அதிவேகக் கணினி நிலையமும், அரசு ஆய்வு அமைப்பான ஏஸ்டாரின் உயர்செயல்திறன் கணிமை ஆய்வுக்கழகமும், இரு பெரிய பல்கலைக்கழகங்களின் இயந்திரவியல் துறைகளும் இருக்கின்றன. ஆனால் நம் சாலையில் ஓடும் கார்களும் லாரிகளும் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ வகுக்கப்பட்ட தரநிலைகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அதாவது கேள்விகள் வேறெங்கோ கேட்கப்பட்டவை. வட்டாரத்துக்கென்று கேள்வி கேட்க முடியும் என்பதற்கு ஆசியான் என்கேப் ஒரு சான்று: 2011இல் உருவான அந்த அமைப்பு, மோட்டார்சைக்கிள்கள் நிறைந்த நம் வட்டாரத்தைக் கருதி, மோட்டார்சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பையும் கார்களுக்கான மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது.

லாரியின் பின்தளத்தில் அமர்ந்து செல்லும் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிய கேள்வியை எந்தத் தரநிலையும் கேட்டதில்லை, ஏனெனில் தரநிலைகளை வகுத்த நாடுகளில் பின்தளம் என்பது சரக்குக்கு உரியது. தளத்தின் முன்சுவர், சரக்கு நகர்ந்து ஓட்டுநர் அறையைத் தாக்காமல் தடுப்பதற்காகக் கணக்கிடப்படுகிறது. அதில் மனிதத் தலை மோதினால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் வராது. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியின் பின்னால் மோதி இருவர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் நம்மில் பலருடைய ஊர்களிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்களைப் போன்றவர்கள். இதை வெறும் எண்ணாக எழுத என்னால் இயலவில்லை. ஆனாலும் எண்களையும் பார்த்தாக வேண்டும்.

லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, மோதிய பத்தில் ஒரு வினாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் லாரி சுமார் 83 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்திருக்கும். பின்தளத்தில் எதனாலும் பிணைக்கப்படாமல் அமர்ந்திருப்பவரோ தன் பழைய வேகத்திலேயே 1.67 மீட்டர் சென்றிருப்பார். தரையின் உராய்வு அதைக் குறைப்பது மிகச் சொற்பம். எனவே முன்சுவரிலிருந்து 83 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி அமர்ந்திருந்தவர், லாரி முழுவதும் நின்ற பிறகு, குறையாத 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சுவரையோ முன்னால் இருப்பவரையோ மோதுவார். 14 மீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய வீவக புளோக்கின் ஐந்தாம் மாடியிலிருந்து, விழுவதற்கு அது சமம். லாரியின் முன்பகுதி எவ்வளவு அழகாக மடங்கி ஆற்றலை உறிஞ்சினாலும் அவருக்கு அதனால் பயனில்லை. நசுங்கும் கட்டமைப்பின் நன்மை, இருக்கைவார் மூலம் அந்தக் கட்டமைப்போடு பிணைக்கப்பட்டவருக்கு மட்டுமே போய்ச் சேரும்.

இந்த ஒரு வரிக் கணக்கே ஊழியர்களை ஏற்றும் லாரிகளில் இப்போதுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளை எடைபோட உதவுகிறது. கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்புகளும் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுவதைக் குறைக்கலாம். முன்புற மோதலில் உடல்கள் முன்னோக்கிப் போவதை அவை தடுப்பதில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் பயன் உண்மையானது: 70 கிலோமீட்டர் வேகம் 60 ஆகக் குறைந்தால் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் குறைகிறது. பேருந்தில் ஏற்றிச் செல்வதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஒற்றைத் தள நெடுந்தூரப் பேருந்து கவிழ்ந்தால் பயணிகளுக்கு உரிய வெளி சிதையாமல் இருக்க வேண்டும் என்று ஐநாவின் 66ஆம் விதிமுறை கூறுகிறது. அதைக் கணினிக் கணிப்பின் மூலம் நிறுவவும் அவ்விதிமுறை இடம் தருகிறது. பயணி இருக்கிறார் என்று அந்த மாதிரிக்குத் தெரியும்.

இடைப்பட்ட தீர்வுகளாக முன்வைக்கப்படக்கூடியவற்றை, உதாரணமாகப் பின்தளத்தில் பொருத்தப்படும் வார் கொண்ட இருக்கைகள், முன்சுவரில் ஆற்றலை உறிஞ்சும் திண்டு, அமரும் திசையைப் பின்னோக்கி மாற்றுவது ஆகியவற்றை, ஒருவரையும் ஆபத்துக்கு உட்படுத்தாமல் ஒப்பிட்டுப் பார்க்க சிமுலேஷனால் முடியும். தேவையான பாகங்கள் பெரும்பாலும் தயாராகவே இருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு மையம் வண்டிகளை வாங்கி, கழற்றி, அளந்து உருவாக்கிய மாதிரிகள் பொதுவில் கிடைக்கின்றன. 2010 டொயோட்டா யாரிஸ் காரின் மாதிரியில் ஏறக்குறைய ஒரு மில்லியன் கூறுகள் உண்டு, நடுத்தர லாரிக்கு ஃபோர்டு எஃப்800 மாதிரி உண்டு. தும்ஸ் மனித மாதிரி இலவசம். நம் லாரிகளில் பெரும்பாலானவை எஞ்சினின் மேலேயே ஓட்டுநர் அறை அமைந்த ஜப்பானிய வகை என்பதால், எஃப்800ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பழைய லாரி ஒன்றை வாங்கிக் கழற்றி, சட்டத்திலும் தளத்திலும் தகட்டுத் துண்டுகளை வெட்டிச் சோதித்து, புதிய மாதிரியைக் கட்ட வேண்டியிருக்கும். சராசரி அமெரிக்க ஆணின் உடலளவையும், தளத்தில் கால் மடித்து அமர்ந்திருக்கும் ஊழியருக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும். உட்காரும் நிலை மாறினால் முதுகெலும்பில் விசை செல்லும் பாதையும் மாறிவிடும். சில முதுநிலை மாணவர்களும், ஒரு பணிமனையும், அதிவேகக் கணினியில் ஒதுக்கப்பட்ட நேரமும் இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் முடியக்கூடிய வேலை இது என்பது என் கணிப்பு. அதன் முடிவுகளை நிலப் போக்குவரத்து ஆணையமும் கட்டுமான நிறுவனங்களும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம்.